மேற்படி முகவரி

முதல் புகாரை நாகரிகமாகத்தான் எழுதினேன்.
மழையில்லாத நாளிலும் மழைநீர் வடிகாலில்
நீர் ஓடுகிறது, கவனிக்கவும்.
வேலூரில் மழையில்லாத நாள் என்றால்
ஏறக்குறைய எல்லா நாளும்.

இரண்டாவதில் நிறம் சொன்னேன்: புளித்த கூழ்.
நேரம் சொன்னேன்: இரவு இரண்டு மணி சுமார்.
மூன்றாவதில் அந்தச் சாமானை
அதன் பெயராலேயே எழுதினேன்.

நான்காவது புகார் மூன்றே நாளில் முடிந்தது.
சரிசெய்யப்பட்டது, படம் இணைப்பில்.
படத்தில் உலர்ந்த கால்வாய்,
புதுச் சிமென்ட் மூடி,
மூடிமேல் சுருண்டு படுத்த வெள்ளைக்கால் நாய்.
எங்கள் தெரு நாய்கள் ஆறையும் எனக்குத் தெரியும்.
ஒன்றுக்கும் வெள்ளைக்கால் கிடையாது.

சந்தேகம் லாட்ஜ் மேல்தான்.
நாற்பத்திரண்டு அறை.
பலகையில் வங்காளம் மேலே, தமிழ் கீழே.
ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், அறைக்கு ஐந்து பேர்,
கடுகெண்ணெய் காயும் வாசம்
சாயங்காலம் என் சன்னலுக்கு வரும்.
மருந்துக்கடையில் அவர்கள் சீட்டு நீட்டுவது என்னிடம்தான்.
நோயாளியின் வயிறு போவதை
எவளாவது புகார் எழுதுவாளா?
தொட்டி எத்தனை பேருக்கு வெட்டியது,
என் கேள்வி அவ்வளவே.
"லாரி மாசாமாசம் வருதும்மா" என்றார் மேனேஜர் கஜபதி.
அந்த லாரியை
அந்த நாயோடு சேர்த்துத் தேட வேண்டியதுதான்.

ஒன்பதாவது புகாருக்கு ஆள் வந்தது.
சுகாதார ஆய்வாளர் மெஹர்நிஷா.
ஸ்கூட்டர் கூடையில் ஹார்லிக்ஸ் பாட்டில்,
அதில் செங்கல் நிறப் பொடி.
தண்ணீர் பட்டால் பச்சையாகுமாம்.
லாட்ஜின் தரைத்தளக் கழிப்பறையில் கரைத்து
நாலு வாளி ஊற்றினார்.
தெருவே குனிந்து நின்றது.
அரை மணி நேரம். கால்வாயில் அதே சாம்பல்.
கஜபதி எல்லோருக்கும் டீ சொன்னார்.

"ஒப்பிட்டுப் பார்க்க உங்க வீட்லயும் ஊத்திடலாமா?"
தாராளமா, என்றேன்.

பதினோரு நிமிடம்.
எங்கள் வாசற்படிக்கு அடியில்,
நான் கோலம் போடும் இடத்துக்கு ஒரு முழம் தள்ளி,
எட்டிப் பார்த்தது
நாற்றங்கால் பச்சை.

வீடு வாங்கும்போது
பத்திரம் பார்த்தோம், வரி ரசீது பார்த்தோம்,
முப்பது வருட வில்லங்கம் போட்டுப் பார்த்தோம்.
குழாய் எங்கே போகிறதென்று
குனிந்து பார்த்தவர் இல்லை.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
எதிர்வீட்டு சம்பங்கி அக்கா மட்டும்
கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள்.
பாட்டிலில் இன்னும் பாதி இருந்தது.

மறுநாள் இரவு இரண்டு பத்துக்கு
லாட்ஜில் மோட்டார் ஓடியது.
டார்ச்சோடு இறங்கினேன்.
தொட்டியில் தங்கியிருந்த நேற்றைய பச்சை
கொப்பளித்துக்கொண்டு போகிறது
நிக்கல்சன் கால்வாய்க்கு,
அங்கிருந்து பாலாற்று மணலுக்கு.
நடுவழியில் எங்கள் வீட்டுப் பச்சையும்
அதோடு கலந்திருக்கும்.
எது எவருடையது என்று
மணல் பிரித்துப் பார்க்கப் போவதில்லை.

பத்தாவது புகார், லாட்ஜ் மேல்.
ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டேன்.

பதினோராவதை எழுத விடிந்துவிட்டது.
நடுவில் கொத்தனாருக்குப் போன் போட்டேன்.
நாற்பதாயிரம், குழி வெட்டுக்கூலி தனி என்றார்
தூக்கக் கலக்கத்தில்.
புகார்தாரர்: தாட்சாயணி, கதவு எண் பதினேழின் கீழ் மூன்று.
கழிவு வெளியேறும் இடம்?
படிவம் அன்பாகத்தான் கேட்டது.
தட்டச்சு செய்யக்கூட வேண்டாம்,
பெட்டியைத் தொட்டால் போதும்:
மேற்படி முகவரியே.

படம் கேட்டது.
வாசல் தெளித்து, புள்ளி வைத்து,
இழுத்து முடித்துவிட்டு எடுத்தேன்.
குழாய் வாயும் அதன் பக்கத்தில் கோலமும்
ஒன்றாகத் தெரிகிற மாதிரி.
வேறு தெரு என்று
இனி எவரும் சொல்லிவிடக் கூடாது.